கண்ணைக் கட்டிக்கொண்டு எண்ணினால் ஒன்பது

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது, அதாவது அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை வாலு எழுதுவது. இந்தக் கடிதம் படகேறி உன் தீவுக்கு வந்து சேரும்போது நீயும் அந்த வானிலை நிலையத்தில் உன்னோடு இருக்கும் மூன்று பேரும் இருமல் காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கிக்கொண்டு இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தங்கையும் எட்டுக் கோழிகளும் நலம். ஒன்பதாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். (அம்மா சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன் அக்கா. அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என் சொந்தச் சரக்கு. அவளுக்குக் கண்ணில் கட்டு, எனக்கு வாயில் கட்டு, பேனாவுக்கு யாரும் கட்டுப் போடவில்லை.) கண் என்றதும் பதறாதே. வலது கண்ணில் விழித்திரை கிழிந்து அறுவை செய்தார்கள், நல்லபடியாக முடிந்தது. ஒரு கண் அசைந்தால் மற்றதும் கூடவே அசையுமாம், அதனால் நல்ல கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார் மருத்துவர். பத்து நாள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தும்மக்கூடக் கூடாதாம், தும்மலை யார் கூப்பிட்டு வரவழைக்கிறார்கள் சொல். அப்பா லாரியோடு போயிருக்கிறார், மாதக் கடைசியில்தான் வருவார், அவருக்குச் சொல்லவில்லை, வண்டி ஓட்டுகிறவர் நிம்மதியாக ஓட்டட்டும். வீட்டை வாலுதான் பார்த்துக்கொள்கிறாள், சமையலும் அவள்தான், குறை சொல்வதற்கில்லை. (எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. சிலவற்றில் உப்பு மட்டும் இருக்கிறது.)

கோழிக் கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம்தான். பதினெட்டு வருடமாகக் கறுப்பு ஆர்பிங்டன் ஜாதிக் கோழி வளர்க்கிறேன், அவற்றைக் குளிப்பாட்டும் வேலையை ஒருநாளும் அடுத்தவர் கையில் விட்டதில்லை. இந்த முறை வேறு வழியில்லாமல் நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வாலு மூன்று தொட்டி வைத்து, சோப்புத் தண்ணீர், வெறும் தண்ணீர், கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீர் என்று ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாள். (குளித்தது நான், வேடிக்கை பார்த்தது கோழி.) தலைமுடி காயவைக்கிற மெஷினால் காயவைக்கும்போது எல்லாம் சொக்கிப்போய் உட்கார்ந்துவிட்டன என்றாள். இறகில் வண்டு முதுகு மாதிரிப் பச்சை மினுக்கு வருகிறதா, இல்லை ஊதாக் கோடு விழுந்திருக்கிறதா என்று கேட்டேன், ஊதா விழுந்தால் நடுவர் தள்ளிவிடுவார். பச்சை என்றால் பச்சைதான் அம்மா என்றாள். அவள் சொல்வதை எந்தக் கடையில் போய் உரசிப் பார்ப்பது.

அந்தி சாய்ந்ததும் அவை தாமாக உள்ளே போய்க் கம்பில் வரிசையாக உட்கார்ந்துவிடும், எண்ணிப் பார்த்துத் தாழ்ப்பாள் போட வேண்டும், அதை மட்டும் நான் விடவில்லை. கணக்குப் பரீட்சையில் முட்டை வாங்கினவளை நம்பி எப்படி விடுவது. கூடு மேடைமேல் இருப்பதால் குனியாமலே கை எட்டும். முதல் நாள் சாயங்காலம் தடவி எண்ணினேன், ஒன்பது. மறுநாளும் ஒன்பது. மூன்றாம் நாள் கால்களையும் தடவினேன். சேவலையும் சேர்த்து எட்டுப் பேருக்கும் சங்கத்து எண் வளையம் இருக்கிறது. சுவரோரம் ஒன்பதாவதாக உட்கார்ந்திருப்பவளுக்கு இல்லை. இதற்குள் உனக்கே புரிந்திருக்கும். நம் தலையணை வந்திருக்கிறாள்.

உனக்கு ஒன்பது வயதில் அவள்மேல் தலை வைத்துத்தான் தூங்குவாய், அதனால் வந்த பெயர். நம் முதல் கோழி. அவளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு முதன்முதலாகக் கண்காட்சிக்குப் போனோமே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். குஞ்சாக இருக்கும்போதே காலில் நுழைக்க வேண்டிய வளையம், பாதம் பெருத்தபின் நுழையாது, இது தெரியாமல் வளர்ந்த கோழியை வாங்கிவிட்டேன். சங்கச் செயலாளர் கூண்டில் ஒரு அட்டையைக் குத்திவிட்டு, எண் இல்லாத கோழி எண்ணிக்கையில் வராதம்மா என்றார். நடுவர் பக்கத்துக் கூண்டுவரை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தவர் அவளைத் தாண்டிப் போய்விட்டார். அவள் வயிற்றில் வந்தவைதான் இந்த வீட்டு அலமாரியில் இருக்கிற அத்தனை கோப்பையும் வாங்கின, அவளை ஒருவர்கூடக் கையில் எடுக்கவில்லை. கடைசியில் பின்சுவரோரம் குழி தோண்டி மூடியதும் நான்தான். இப்போது என் கைக்கு வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கண்கட்டைப் பிரிப்பார்களாம். நான் போவதாக இல்லை. பிரித்தால் எட்டுதான் இருக்கும், அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அக்கா, இனி அடைப்புக்குறி போதாது. அம்மா மத்தியான மாத்திரை போட்டு மல்லாந்து படுத்திருக்கிறாள், இது முழுக்க நான். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதல் நாள் ஒன்பதாவது கோழி என் கைவண்ணம். வெந்நீர்ப் பையை நிரப்பி, அந்தக் காலத்தில் தலையணை உதிர்த்த கறுப்பு இறகுகளை நீ அடைத்துத் தைத்த பழைய உறைக்குள் திணித்து, கம்பின் கோடியில் சுவரோடு சாய்த்து வைத்தேன். தலையணையை வைத்தே ஒரு தலையணை. அம்மா தடவி, ஒன்பது என்று சொல்லி, நின்று, மறுபடி முதலிலிருந்து தடவி, மறுபடி ஒன்பது என்றபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு கோழித் தீவன வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் சொல்லிச் சிரிக்கலாம் என்று விட்டேன். அந்த மறுநாள் எனக்கு வயிற்றுவலி. வெந்நீர்ப் பையை இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டுதான் கூட்டு வாசலில் நின்றேன். இறகு உறை என் அறையில் கட்டிலுக்கு அடியில். அம்மா கையை நீட்டி ஏழு, எட்டு என்று வந்தாள், எட்டுக்கு அப்பால் அவள் கை வெறும் காற்றில் நின்றது, உள்ளங்கை கவிழ்ந்து, ஒரு கோழி முதுகின் உயரத்தில். மெதுவாக வளைந்து தடவினாள். ஒன்பது என்றாள். பை என் வயிற்றில் கொதித்துக்கொண்டிருந்தது அக்கா, எனக்கு முதுகு ஜில்லிட்டுப் போனது.

இன்னொன்றும் கவனித்தேன். எட்டும் கம்பு நீளத்துக்குப் பரவி உட்காருமே, இப்போது ஒன்றை ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகின்றன. சுவரோரம் ஒரு கோழி அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறது. தீவனம் போட்டு அந்த இடத்துக்கு இழுத்துப் பார்த்தேன், சேவல்கூட அங்கே கால் வைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் இதுவும் உன் வேலைதானே என்பாள். உப்பு டப்பாவில் சர்க்கரை வைத்தவள், அப்பாவின் செருப்பை வெவ்வேறு ஜோடியாக மாற்றி வைத்தவள், இனிமேல் நிஜத்தைச் சொன்னாலும் யார் கேட்பார்கள். அதனால் நேற்றுச் சாயங்காலம் அம்மா வருவதற்கு முன்னால் நானே போனேன். கழுத்துத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு சேவல் பக்கமிருந்து எண்ணத் தொடங்கினேன். மூன்றாவது கொத்தியது, அது எப்போதும் கொத்தும். எட்டு வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கை தானாக நகர்ந்தது. சூடு முதலில் வந்தது, இறகு பிறகு. மற்றவற்றைவிட அடர்த்தி, விரல் கணு வரை உள்ளே போய்விட்டது. அடியில் டிக் டிக் என்று வேகமாக ஒன்று அடித்துக்கொண்டது. பிறகு அது தலையைத் திருப்பி என் மணிக்கட்டுக்கு அடியில் நுழைத்துக்கொண்டது. நான் அசையவில்லை. துணியை இழுத்துக் கீழே தள்ளிப் பார்த்தால் என் கை காற்றில் இருந்தது, சூடு மட்டும் இன்னும் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். மருத்துவர் நேராகவே சொன்னார், குறித்த நாளில் பிரித்து உள்ளே பார்க்காவிட்டால் அந்தக் கண் போய்விடலாம், நான் பொறுப்பில்லை என்று. அம்மாவிடம் சொன்னேன். இன்னும் பதினைந்து நாள் இருக்கட்டும் என்கிறாள், ஒரு கண் போனால் இன்னொன்று இருக்கிறதே என்கிறாள், கடையில் பை மறந்து வைத்தவள் மாதிரி அவ்வளவு சாதாரணமாக. அம்மா எழுந்துவிட்டாள், நிறுத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரி நடைவழியில் பெஞ்சியில் உட்கார்ந்து முழங்கால்மேல் வைத்து எழுதுகிறேன், கோழி கிறுக்கினது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். அம்மா உள்ளே இருக்கிறாள். எப்படிக் கூட்டி வந்தேன் என்று கேட்கிறாயா. பொய் சொன்னேன். காலையில் அவள் எதிரில் போய் நின்று, எல்லா நாளும் அங்கே வெந்நீர்ப் பையை வைத்தது நான்தான் என்றேன். உறையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன், பையில் வெந்நீர் ஊற்றிக் காட்டினேன். செய்யாத ஒன்றுக்குப் பேர் வாங்கினது இதுதான் முதல் தடவை, சொல்லிவிட்டு அழுகை வந்துவிட்டது, அது நடிப்பில்லை. அம்மா அந்த உறையை வெகுநேரம் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடைசியில், “என் செருப்ப எடுத்துட்டு வா, ஒரே ஜோடியா பாத்து எடு” என்றாள். அவளிடமிருந்து நான் எதைப் பிடுங்கினேன் என்று எனக்குத் தெரியும் அக்கா. கதவு திறக்கிறது.

பெரியவளே, இது அம்மாவின் கையெழுத்து. வலது கண்ணில் இன்னும் ஒரு மூடி இருக்கிறது, இடது கண்ணால் எழுதுகிறேன், கோணல் மாணலாக இருக்கும். கண் பிழைத்தது. நாள் தள்ளியிருந்தால் சிரமம் என்று மருத்துவர் சொன்னார், வாலு அதைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இந்தக் கடிதத்தைப் படித்தேன். அடைப்புக்குறியோடுதான் படித்தேன். உப்பைப் பற்றி அவளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

அவள் சொன்ன பொய்யை நான் நம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பதினெட்டு வருடம் கோழியைக் கையில் எடுத்தவளுக்கு வெந்நீர்ப் பை எது, கோழி எது என்று தெரியாதா. முதல் நாளே தெரியும், தண்ணீர் களக்கென்றது. குழந்தை விளையாடட்டும் என்றுதான் ஒன்பது என்றேன். மறுநாள் நானும் விளையாட்டாகத்தான் கையை நீட்டினேன், உள்ளங்கைக்கு அடியில் ஒன்று மூச்சு விட்டது. செய்த குறும்பையே ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதவள், செய்யாததைத் தலைமேல் போட்டுக்கொண்டு நின்றாளே, அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் போனேன்.

அன்று சாயங்காலம் கண்ணைத் திறந்து எண்ணினேன், எட்டு. சுவரோரம் அந்த இடம். கண்ணை மூடி எண்ணினேன், அப்போதும் எட்டு. மனதைத் தேற்றிக்கொண்டு தாழ்ப்பாளைப் போடப் போனபோது மூலையில் முட்டையிடும் பெட்டிக்குள் உறுமல் கேட்டது, அடைக்கோழியின் உறுமல், வேறு எதுவும் அப்படி உறுமாது. பெட்டி காலி. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். மெத்தை மாதிரிப் பரப்பிக்கொண்டு படுத்திருந்தாள், நல்ல சூடு, மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தினாள். அந்தக் கொத்து இப்போதும் சிவந்து தெரிகிறது, வாலு மருந்து போட்டாள், எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. வயிற்றுக்கு அடியில் இரண்டு முட்டை இருந்தன. ஒன்றை அவளிடமே விட்டுவிட்டேன்.

மற்றது உனக்கு. இதோடு ஒரு அட்டைப்பெட்டி வருகிறது. கூர்முனை கீழே இருக்கும்படி மரச்சீவலில் புதைத்து வைத்திருக்கிறேன். தபால் நிலையத்துப் பெண் சுங்கத்துக்காகத் திறந்து பார்த்துவிட்டு, “வெறும் சீவலையா அனுப்பறீங்க” என்று கேட்டாள், ஆமாம் என்றேன், ஒட்டி முத்திரை குத்திவிட்டாள். நீ திறக்கும்போது கண்ணை மூடிக்கொள், இரண்டு கையாலும் எடு. படகில் குலுங்கி வந்திருக்கும், ஒருநாள் அப்படியே ஓய்வாக விட்டுவிட்டு, பிறகு உங்கள் கருவிகள் இருக்கும் அறையில் சூடான மூலையாகப் பார்த்து வை, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும், தினமும் மூன்று தடவை திருப்பு, பதினெட்டாம் நாளுக்குப் பிறகு திருப்பாதே. இருபத்தோராம் நாள் குஞ்சு வரும், பக்கத்திலேயே இரு. அந்தக் காற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீ தனியாகத் தூங்குகிறாய் என்பதுதான் எனக்கு இத்தனை நாளும் உறுத்தல்.

குளிரில் காதை மூடிக்கொள், சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடாதே, அப்பாவுக்கு எழுதும்போது கண் விஷயம் வேண்டாம். நீ நீண்ட நாள் நல்லபடியாக இரு, கை தொட்டது எல்லாம் உனக்கு நன்றாகவே அமையட்டும். மறக்காமல் பதில் போடு. என்ன நிறம், யார் சாயல் என்றெல்லாம் கேட்க மாட்டேன், உள்ளங்கையில் எவ்வளவு கனம் இருக்கிறது என்று மட்டும் எழுது.

ஒரு கண்ணோடு உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா