ஷம்ஸா சொன்னதும் அம்ரீன் சொல்லாததும்

புதுமடம்,
செவ்வாய்க்கிழமை.

மச்சானுக்கு ஜஸீலா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகமாக இருக்கிறது. மனது எப்படி என்று கேட்காதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் தோஹாவில் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுக் கேட்பதாக நீங்களே ஒருநாள் வாய் தவறிச் சொல்லியிருக்கிறீர்கள். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது. விடுமுறை முடிந்து காஜா நவாஸ் காக்கா நாளை தோஹாவுக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் பிரித்துப் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உம்மா உங்களுக்கென்று மாசிக் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டி வைத்திருந்தார்கள். நான் அனுப்பவில்லை. மாசியை இடித்துச் சம்பல் செய்து நாங்களே சாப்பிட்டுவிட்டோம்.

அம்ரீனுக்கு நிக்காஹ் குறித்தாகிவிட்டது, அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு. மாப்பிள்ளை உங்கள் மாமி மகன் ஃபைரோஸ். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், இந்த வீட்டு மருமகன் நீங்கள் பேசி முடித்த சம்பந்தம்தானே. லாத்தா, லாத்தா என்று என் பின்னாலேயே சுற்றிய என் தங்கச்சி இங்கே என்ன நிலையில் இருக்கிறாள் என்பதுதான் தெரியாது.

முதலில் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். வெள்ளிக்கிழமை அஸர் தொழுததும் விளையாடலாம் என்று எங்களைக் கூப்பிட்டது நீங்கள். ரூமில் இருந்த பிலிப்பைன்ஸ்காரனிடம் கற்றுக்கொண்டு, இருபது முகம் உள்ள பகடையை ஊருக்குக் கொண்டுவந்து, ஆளுக்கொரு வேடம் கொடுத்ததும் நீங்கள். நான் மருத்துவச்சி. உச்சிப்புளியில் போன் கடை வைத்திருக்கும் உங்கள் கூட்டாளி முஸ்அப் பயில்வான். அம்ரீன் கப்பல் தலைவி ஷம்ஸா. கதையை நடத்துகிற மாஸ்டர் நீங்கள். போன் திரையில் உங்கள் முகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பகடை உருட்டுவோம். விழுகிற எண்ணைப் பார்த்து நீங்கள் புயலையும் கொள்ளைக்காரனையும் அனுப்புவீர்கள். அன்றைக்கு நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். இங்கே பேசுவதெல்லாம் வேடம் பேசுவது, இதை எவரும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்றீர்கள்.

பொழுதுபோக்கு என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வேடங்கள் எங்களைச் சும்மா விடவில்லை. பயில்வானாக முதல் ஆளாய்ப் பாய்ந்து பாய்ந்து பலமுறை செத்த பிறகுதான் முஸ்அபுக்கு நிதானம் வந்தது. இப்போது கடையில் வம்புக்கு வருகிறவனுக்கும் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுகிறான். நான் எல்லோருடைய காயத்துக்கும் மருந்து போட்டுவிட்டு, எனக்குப் போட மருந்தில்லாமல் விழுந்தேன். மருத்துவச்சி விழுந்தால் கூட்டமே விழும் என்று நீங்கள் சொன்னீர்கள். மறுநாள் மதியம் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சுடுசோறு சாப்பிட்டேன். அதுவரை இந்த வீட்டில் கடைசியாக, ஆறினதைத்தான் சாப்பிட்டிருக்கிறேன். உம்மா ஒருமாதிரி பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது.

அம்ரீன்தான் அதிகம் மாறினாள். யாராவது அதட்டினால் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொள்கிற பிள்ளை. ஷம்ஸாவாக ஆடத் தொடங்கிய பிறகு, நம் ஊர் நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றிக் கேட்க டிரைவரிடமே போய் நின்றாள். இங்கன இறங்குற புள்ளைகளும் டிக்கெட் வாங்கித்தானண்ணே வாரோம் என்று கேட்டாளாம். அதிலிருந்து பஸ் நிற்கிறது. கப்பல் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னதும் அதன் பிறகுதான். டிகிரி முடியட்டும், வாப்பாவிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கதையில் ஒரு துறைமுகம் வந்தது. துறைமுகத் தலைவனுக்கு ஒரு மகன். இடது புருவத்தில் தழும்பு, பேச்சுக்குப் பேச்சு வல்லாஹி என்று ஆணையிடுவான், ஊது அத்தர் பூசுவான். அவன் சபையில் வைத்து ஷம்ஸாவைப் பெண் கேட்டான். நீங்களே அவன் குரலில் கேட்டீர்கள். அம்ரீன் சிரித்துக்கொண்டே, எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், கப்பல் போதும், கட்டாயப்படுத்தினால் பொழுது விடிவதற்குள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவேன் என்றாள். முஸ்அபும் நானும் கைதட்டினோம். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. நெட் சரியில்லை என்று அன்று சீக்கிரமே முடித்துவிட்டீர்கள்.

போன வாரம் உங்கள் மாமி வீட்டிலிருந்து, நான் அதுவரை பார்த்திராத ஃபைரோஸின் போட்டோ வந்தது. இடது புருவத்தில் அதே தழும்பைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரே கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று விளையாட்டுக்குள்ளே மாப்பிள்ளையை இறக்கி ஆழம் பார்த்திருக்கிறீர்கள். சரி, பார்த்தீர்கள், வேண்டாம் என்றாள். அத்தோடு விட்டிருந்தால் நீங்கள் மனுஷர்.

நீங்கள் வாப்பாவுக்குப் போன் போட்டீர்கள். வாப்பா அதை அப்படியே எங்களிடம் ஒப்பித்தார். மருமகனே சொல்லிட்டாரு, கலியாணம் பேசுனா வள்ளத்தை அவுத்துக்கிட்டுப் போயிருவேன்னு உன் தங்கச்சி சொல்லியிருக்கு, நம்ம வீட்டுல இம்புட்டு நடந்திருக்கு, எனக்குத் தெரியலையே என்றார். அம்ரீன் சொன்னதாக எல்லாவற்றையும் சொன்ன நீங்கள், அது விளையாட்டில் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் அழுதுகொண்டே, அது நானில்ல வாப்பா, ஷம்ஸா சொன்னது என்றாள். வாப்பா, யாரு அந்த ஷம்ஸா, அவ வீடு எங்கன இருக்கு என்று கேட்டார். சிரிக்காதீர்கள். மறுநாள் அவளுடைய காலேஜுக்குப் போய், ஷம்ஸா என்கிற கெட்ட சகவாசம் யார் என்று விசாரித்துவிட்டு வந்தார். அங்கே யாரைக் காட்டுவார்கள்? மறைக்கிறார்கள் என்று நினைத்துப் படிப்பை நிறுத்திவிட்டார். போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். கரைக்குப் போய், கட்டிக் கிடக்கிற வள்ளங்களை எல்லாம் பார்த்துவிட்டு, வள்ளக்காரர் சோணைமுத்து அண்ணனிடம், பொம்பளைப் புள்ளை யாரும் வள்ளம் கேட்டு வந்துச்சா என்று கேட்டிருக்கிறார். சோணைமுத்து அண்ணன் வெள்ளந்தி. என்ன பாய், நம்ம ஊருப் புள்ளைக கடலுக்குப் போவப் போறாகளா என்று சிரித்துக்கொண்டே அதை மீன் ஏலக் கூடத்தில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். சாயங்காலம் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற என்னிடம், உன் தங்கச்சி வள்ளம் ஏறப் பாத்துச்சாமே, அங்கன யாரு காத்திருந்தது என்று கேட்கிறார்கள். அம்ரீன் வாசற்படியைத் தாண்டவில்லை. அவளுக்கு ஊர் ஒரு ஆளையும் சேர்த்துவிட்டது. அந்தப் பேச்சு காதில் விழுந்த பிறகுதான் வாப்பா பதறிப்போய் உங்கள் சம்பந்தத்துக்குத் தலையாட்டினார். வாப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் ராத்திரி சோறு இறங்காமல் எழுந்துவிடுகிறார், பயந்துபோயிருக்கிறார்.

நான் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். வாப்பா காலடியில் உட்கார்ந்து பகடையைக் காட்டி விளக்கினேன். ஒன் தங்கச்சியை நீ விட்டுக்குடுப்பியா என்று எழுந்து போய்விட்டார். முஸ்அப் உச்சிப்புளியிலிருந்து வந்து வாசலில் நின்று அதையே சொன்னான். குமருப் புள்ளையோட நீயும் வாராவாரம் போன்ல பேசிக்கிட்டு இருந்திருக்கே, நீ வேற சாட்சி சொல்ல வந்துட்டியா என்று வாப்பா அவனை விரட்டிவிட்டார். மருமகன் வாயால சொல்லட்டும், நம்புறேன் என்கிறார். இந்த வீட்டில் உங்கள் வார்த்தைக்கு அப்படி ஒரு மரியாதை. அதை வைத்து நீங்கள் செய்த காரியம் இது.

உங்களிடம் சொன்னால், அது வெளையாட்டுத்தானே ஜஸீலா, ஏன் பெருசு பண்ணுறே, நல்ல மாப்பிள்ளைதானே என்கிறீர்கள். விளையாட்டு என்று என்னிடம் எதற்குச் சொல்கிறீர்கள்? எனக்குத்தான் தெரியுமே. வாப்பாவிடம் சொல்லுங்கள். ஃபைரோஸ் நல்லவராகவே இருக்கட்டும், நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. பாவம், தன்னை ஒருத்தி வேண்டாம் என்றது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. நேற்று அம்ரீனுக்கு நீங்கள் தங்க வளையல் அனுப்புவதாகச் சொன்னதாக உம்மா பூரித்துப்போய்ச் சொன்னார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறீர்கள்.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். அம்ரீன் பேசுவதில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் எனக்குத் தெரியும், அது வேறு. முதல் சில நாள் அழுதாள், சத்தம் போட்டாள், எவரும் நம்பவில்லை என்றதும் நின்றுபோயிற்று. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், குளி என்றால் குளிக்கிறாள். தையல்காரி அளவெடுக்க வந்தாள், கையைத் தூக்கு என்றதும் தூக்கிக்கொண்டு நின்றாள், இறக்கு என்று சொல்லும்வரை இறக்கவில்லை. உம்மா அதைப் பார்த்துவிட்டு, புள்ளை பணிஞ்சிருச்சு, அல்ஹம்துலில்லாஹ் என்கிறார்கள்.

நிக்காஹ் அன்று வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் அறை வாசலுக்கு வந்து அவளிடம் சம்மதம் கேட்பார்கள். கேட்காமல் நிக்காஹ் இல்லை, மார்க்கம் அப்படித்தான் சொல்கிறது. குமருப் பிள்ளை வெட்கத்தில் வாய் திறக்காவிட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் இருக்கிறது. வெட்கப்படுகிறவளுக்காகச் சொன்ன சலுகை, மச்சான். இவளுக்கு நீங்கள் எல்லோரும் சேர்ந்து வாயைக் கட்டியிருக்கிறீர்கள். அன்றைக்கும் இவள் பேசாமல்தான் இருப்பாள். சுற்றி இருக்கிற பெண்கள் சம்மதம், சம்மதம் என்று சொல்லிவிடுவார்கள். சாட்சிகள் திரும்பிப் போய்ச் சொல்லிவிடுவார்கள். முடிந்துவிடும்.

ஆட்டத்தில் அவள் யோசித்துக்கொண்டு சும்மா இருந்தால் நீங்கள் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பீர்கள்! முஸ்அப் அவசரப்படுத்தினால் அவனை அதட்டுவீர்கள். அவ வாயால சொல்லாம நான் ஒண்ணும் நடத்த மாட்டேன்டா என்பீர்கள். இல்லாத கப்பலுக்கு அத்தனை நியாயம் பார்த்த மனுஷர், இருக்கிற பிள்ளைக்கு ஏன் பார்க்கவில்லை? இரண்டு வருஷம் அந்த வேடங்களைப் போட்டு நாங்கள் மூன்று பேரும் ஏதோ கொஞ்சம் கற்றுக்கொண்டோம். நீங்கள் கற்றுக்கொண்டது அடுத்தவர் கதியை உட்கார்ந்த இடத்திலிருந்து முடிவு செய்கிற ருசியை மட்டும்தான் என்று தோன்றுகிறது. இப்படி எழுத எனக்குச் சந்தோஷமில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாப்பாவுக்குப் போன் போடுங்கள். அந்தப் பிள்ளை சொன்னது விளையாட்டில் சொன்னது, நான் அதை மறைத்தேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். ஃபைரோஸிடமும் உண்மையைச் சொல்லுங்கள். அதன் பிறகு அவளிடம் கேட்கட்டும், அவள் எதைச் சொன்னாலும் நான் குறுக்கே வர மாட்டேன். நீங்கள் போன் போடாவிட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமை அறை வாசலில் நான் நிற்பேன். இது சம்மதமில்லை, பயம் என்று சாட்சிகளிடம் நானே சொல்வேன். ஊர் என்ன பேசும் என்று தெரியும். உங்கள் மாமி வீடும் நம் வீடும் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதற்குப் பிறகு விடுமுறைக்கு நீங்கள் எந்த வீட்டுக்கு வருவீர்கள் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. என் நிக்காஹ் அன்று என்னிடமும் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தேன். அது சம்மதம்தான் மச்சான், சந்தோஷத்தில் எனக்குக் குரலே வரவில்லை. அந்தக் கேள்வியை இன்றைக்கு என்னிடம் வந்து கேட்டால் நான் பேசாமல் இருக்க மாட்டேன்.

வெயிலில் நிற்காதீர்கள், மாத்திரையை விடாதீர்கள். அல்லாஹ் உங்கள் உடம்புக்குச் சுகத்தையும் நாவுக்கு உண்மையையும் தரட்டும். வெள்ளிக்கிழமை வாப்பாவின் போனை நான் சார்ஜ் போட்டு அவர் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
அம்ரீனுடைய லாத்தா
ஜஸீலா