வெள்ளையாகத் தெரிந்த படம்

மச்சான்,

நேற்று என் முட்டியைப் படம் எடுத்தார்கள். வயசான முட்டி, தேய்மானம், அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் உறையிலிருந்து பிலிமை உருவியபோது அடித்த மருந்து வாடை என்னை அப்படியே உங்கள் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் அது போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் நான் எழுதிய எதையும் நீங்கள் படித்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல் - பழனி வண்டிக்கு நீங்கள்தான் டிரைவர். என் அக்காவைக் கட்டி சில வருசம் ஆகியிருந்தது. வலது முட்டி வீங்க ஆரம்பித்தபோது பஸ் ஸ்டாண்டில் எல்லாருமே வைத்தியர் ஆகிவிட்டார்கள். பிரேக்கை மிதித்து மிதித்து வாதம் இறங்கிவிட்டது என்றார்கள். எண்ணெய் தேய்த்தீர்கள், ஒத்தடம் வைத்தீர்கள், வீக்கம் அசையவில்லை. கடைசியில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "எலும்பு வெள்ளையாத் தெரியும். இங்க பாருங்க, கறுப்பா ஓட்டை. கட்டி அரிச்சிருக்கு." சுரண்டி எடுத்து, இடுப்பிலிருந்து எலும்புத் துண்டுகளை எடுத்து அந்தக் குழியில் அடைத்தார்கள். இது திரும்பவும் வரக்கூடியது, வலித்தால் உடனே வாருங்கள் என்றும் சொன்னார். உங்கள் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். வெள்ளை நல்லது, கறுப்பு கெட்டது. ஊருக்கு வந்து அக்காவுக்கும் கண்டக்டருக்கும் டீக்கடைக்காரருக்கும் அதையே பாடம் எடுத்தீர்கள்.

மறு வருசமே வலி வந்தது. மதுரைக்குப் போக மாட்டேன் என்று குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கட்டு வைத்தியரிடம் போனீர்கள். கறுப்பாக எதையோ அரைத்து முட்டியில் பத்துப் போட்டு, துணி சுற்றி இறுக்கிக் கட்டி, நான் சொல்லும்வரை அவிழ்க்கக் கூடாது என்று அனுப்பினார். அக்கா அரித்தெடுத்ததால் திண்டுக்கல்லில் ஒரு படம் எடுக்கச் சம்மதித்தீர்கள். கட்டை அவிழுங்கள் என்றார் படம் எடுப்பவர். "அவுத்தா வைத்தியம் முறிஞ்சு போகும்யா, துணிதானே, எடு" என்று மல்லுக்கு நின்றீர்கள். அவரும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

படத்தில் முட்டி பளிச்சென்று வெள்ளை! ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. டாக்டரிடம் காட்டவே இல்லை. வண்டியின் முன் கண்ணாடியில் சாய்த்து வைத்து, "பார்றா மாப்ளே, எலும்பு சும்மா கெட்டியா வளந்துருச்சு" என்றீர்கள். மறுநாள் வண்டியை எடுத்தீர்கள். எனக்கும் சந்தோசம்தான்.

நம்பாதவள் அக்கா ஒருத்திதான். "படம் என்னத்தையோ சொல்லட்டும். படியேறும்போது தொடையைக் கையால தூக்கி வைக்கிறாருடா" என்றாள். அவள் போட்ட சண்டையில்தான் மறுபடி மதுரைக்குப் போனோம். டாக்டர் படத்தைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், கத்தரியால் வெட்டி பத்தைக் கழுவச் சொன்னார். அதில் ஈயச் சுண்ணம் கலந்திருந்ததாம். அது எக்ஸ்ரேயை மறித்து வெள்ளையாக விழும், அடியில் இருப்பதைக் காட்டாது என்றார். புதுப் படத்தில் ஓட்டை முன்னைவிடப் பெரிசாக இருந்தது.

காலைத் தொடையோடு எடுக்க வேண்டும், விட்டால் நெஞ்சுக்குப் போகும் என்றார். நீங்கள் அந்தக் காலைத் தடவிப் பார்த்தீர்கள். பிறகு, "பிரேக் எந்தக் கால்ல மிதிக்கிறதுன்னு தெரியுமா சார்?" என்று கேட்டீர்கள். "வண்டி இல்லாம நான் என்னத்துக்கு?" என்று எங்கள் பக்கம் திரும்பினீர்கள். அக்கா வெடுக்கென்று, "நான் பஸ்ஸையா கட்டிக்கிட்டேன்?" என்றாள். சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். காலை எடுத்தார்கள்.

முதலாளி நல்ல மனுசன், ஸ்டாண்டிலேயே நேரம் பார்க்கும் வேலை கொடுத்தார். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு மற்ற டிரைவர்களைத் திட்டுவதில் உங்களுக்கு நாள் போனது. அப்புறம் இருமல் வந்தது.

மதுரையில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே மரத்தடியில் இருந்தாள். உள்ளே நாம் இரண்டு பேர். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: நெஞ்சில் காற்று நிற்கிற இடம், அது கறுப்பாகத்தான் தெரிய வேண்டும், இந்த வெள்ளை உருண்டைகள்தான் கட்டி, அதே கட்டி. கதிர் பாய்ச்சிக் கரண்டு வைத்துப் பார்க்கலாம், நோய் அதற்குப் பெரிசாகக் கேட்காது என்றார். "வேணாம் சார்" என்று படத்தை வாங்கிக்கொண்டீர்கள்.

வெளியே வந்து அதை வெயிலில் தூக்கிப் பிடித்தீர்கள். "பாரு புள்ள, அம்புட்டும் வெள்ளை."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். முகமே மலர்ந்துவிட்டது அவளுக்கு. பத்து கித்து போட்டிருக்கிறதா என்று உங்கள் சட்டையை விலக்கி வேறு பார்த்துக்கொண்டாள். நீங்கள் அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தீர்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப பழனிக்குப் போய் வேண்டுதலை முடிச்சிட்டு வந்துருவோம்" என்றாள். போனீர்கள், வழியெல்லாம் பஸ் ஓட்டிய டிரைவரைத் திட்டிக்கொண்டே. கட்டையோடு யானைப் பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினீர்கள். அந்த மாசங்களில் அக்கா சிரித்த மாதிரி அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் இல்லை.

மூச்சு வாங்க ஆரம்பித்தபோது சளி கட்டியிருக்கிறது என்று கசாயம் போட்டாள். வேளை தவறாமல் வாங்கிக் குடித்தீர்கள்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது மச்சான். நீங்கள் பாட்டுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், மிச்ச காலமெல்லாம் அதைக் காப்பாற்ற நான்தான் அகப்பட்டேனா? சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தால் வராது.

நேற்றுகூட எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அம்புட்டுப் பெரிய நோயில தப்பிச்சவரு, கேவலம் சளியில போயிட்டாரேடா. இன்னும் ரெண்டு வேளை கசாயம் சேத்துக் குடுத்திருக்கலாம்."

"குடுத்தது போதும்க்கா" என்றேன்.