நான்கு டிகிரியில் ஒரு மானின் சினைப்பை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் இப்போது தேவலையா?

செவ்வாய்க்கிழமை ஒரு சின்னக் கூத்து நடந்தது. பயப்படாதீர்கள், நல்லபடியாகவே முடிந்தது. விலங்குக் காட்சிசாலையில் அரிய வகைப் பெண்மான் ஒன்று இறந்துபோனது. அந்த இனம் அழியாமல் காக்க அதன் கருமுட்டைகளை எடுத்துச் சேமிப்பதற்காக, சினைப்பையைக் குளிர்பெட்டியில் வைத்து எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் வேலை எனக்கு. நான்கு டிகிரியில் வைத்தால் உள்ளே இருக்கும் கருமுட்டைகள் ஒரு நாள் தாங்கும். சூடானாலும் கெட்டுவிடும், உறைந்தாலும் செத்துவிடும்.

பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. வெயிலில் பெட்டிக்குள் வெப்பம் பதினொரு டிகிரியைத் தொட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிரைவர் அண்ணன்தான் எதிரே இருந்த மீன்கடைக்கு ஓடி ஒரு பை ஐஸ் வாங்கிவந்தார்.

"நேரா வைக்காதீங்கண்ணே, உறைஞ்சிடும்!" என்று கத்தி, ஐஸை என் துப்பட்டாவில் சுற்றி வைத்தேன்.

"பச்சப்புள்ளைய பாத்துக்குற மாதிரியில்ல பாத்துக்குற!" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் காலை எங்கள் ஆய்வகத் தலைவி மேடம் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். "முக்காவாசி உசுரோட இருக்கும்மா" என்றார். கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன், சந்தோஷத்தில்தான்.

ஒரு வேண்டுகோள், அப்பா. நீங்கள் முக்கியமான செய்தியை மட்டும் நாலு வரியில் எழுதி முடித்துவிடுகிறீர்கள். அடுத்த கடிதத்தை அம்மாவை எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சண்டை, சீரியலில் யார் அழுதார்கள், எதையும் விட வேண்டாம். எத்தனை பக்கம் ஆனாலும் சரி.

தபால்காரர் கீழே வந்துவிட்டார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்