எயினன் விழுந்ததும், வெண்ணி ஏறுமுன் அறிய வேண்டியதும்

மழை பருவம் தவறாதிருக்க. வாயில்கள் பகையின்றித் திறந்திருக்க. இருகரைக் காவலர், கானவர் கோமான், நெல்லிக்கானத்து அரசர் சேந்தங்கோ அருளிச்செய்தபடி, ஓலைநாயகம் குறுந்துறைப் பெருஞ்சாத்தன், வடவெல்லை வெண்கரைக் கோட்டைத் தலைவர் ஏனாதி பூதவேளார்க்கு எழுதும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் குதிரைகளும் நலமாக.

இன்று காலை அவையில் இருந்தோர்: வடக்குத் தூணருகே தம் இருக்கையில் அரசர். அவருக்கு வலப்பக்கம், ஒரு முழம் தள்ளி, எழுதுபலகையோடு நான். எனக்கு எதிரே பண்டாரக் காப்பாளர் பொதியனார். வாயிற்படிக்கு உள்ளே, தரையில், மரமேறிகளுக்குக் கீழே நின்று கயிறு பிடிக்கும் அழிசி. அழிசிக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்திருந்தது. அதில் ஆள் இல்லை. எயினனுடைய கயிறு மட்டும் சுருளாக இருந்தது.

எயினன் நேற்று முற்பகலில், யானைக் கொட்டிலின்மேல் புயலில் முறிந்து தொங்கிய நாவல் கிளையை இறக்க ஏறி, ஆறு ஆள் உயரத்திலிருந்து விழுந்து இறந்தான்.

அவனைத் தாங்கள் அறியமாட்டீர்கள். அவன் தங்கை வெண்ணியை அறிவீர்கள். தங்கள் சமையற்கூடத்தின்மேல் சாய்ந்திருக்கும் மருதங்கிளையை இறக்க, நாளை மறுநாள் காலை ஏற இருப்பவள் அவளே. அவளுக்கென இங்கிருந்து தங்களுக்கு வந்த கயிறும், எயினன் விழுந்த கயிறும் ஒரே வடத்தில் வெட்டியவை. ஆகையால் இவ்வோலை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஒற்றன் ஒருவன் கயிறு வீசி மதிலேறிய பிறகு, வெளியார் கயிறு எதுவும் கோட்டைக்குள் வரலாகாது என்று விதி செய்யப்பட்டது. அதை எழுதியவன் நான். எழுதும்போது திருடரை நினைத்தேன், ஒற்றரை நினைத்தேன். மரமேறிகளை நினைக்கவில்லை. எயினனும் வெண்ணியும் எந்த ஊருக்கும் எந்தக் கோயிலுக்கும் ஆட்பட்டவர் அல்லர். அழைத்த இடத்துக்குப் போய், தம் கயிற்றிலேயே ஏறி, இறங்கியதும் அடுத்த ஊருக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு வீடு என்று சொல்லிக்கொள்ள அந்தக் கயிறுதான் உண்டு. அதை வாயிலில் வாங்கி வைத்துக்கொண்டு, பண்டாரத்துக் கயிற்றைக் கொடுத்தோம்.

எயினனுடையது தென்னை நாரில் திரித்தது. சொரசொரப்பானது, உள்ளங்கையை அறுப்பது. ஏறுபவர் தம் இடுப்பிலிருந்து கயிற்றின்மேல் ஒரு முடிச்சிட்டுக்கொள்வர். கையால் தள்ளினால் அது மேலே நகரும், உடலின் பாரம் விழுந்தால் இறுகி நிற்கும். அந்தச் சொரசொரப்பு இருந்தால்தான் அது இறுகும். பண்டாரத்துக் கயிறோ, விழாவில் ஊஞ்சல் கட்டத் திரித்த புளிச்சை நார். எலி கடிக்காதிருக்க இலுப்பை எண்ணெய் ஊட்டி, மஞ்சளும் ஏற்றியது. பார்வைக்கு அழகானது.

அதை எயினன் கண்ணை மூடிக்கொண்டு, நுனி முதல் அடி வரை விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டு, “சாமி, இதைக் கட்டிக்கிட்டு நான் மரம் ஏறவா, மாப்பிள்ளையா ஊர்வலம் போகவா?” என்று கேட்டான். அதற்குப் பொதியனார், “உன் நார்க்கயித்தைவிட இது நாலு மடங்கு தாங்கும். யானையையே கட்டலாம், நீ என்ன யானையா?” என்றார். “தாங்கும் சாமி. பிடிக்குமான்னுதான் கேக்குறேன்” என்றான் அவன். எண்ணெயை இழுக்கக் கொஞ்சம் அடுப்புச் சாம்பல் கேட்டான். மஞ்சள் மங்கிவிடும், விழாவுக்கு ஆகாது என்று பொதியனார் மறுத்தார். எயினன் என்னைப் பார்த்தான். விதி எழுதியாயிற்று என்று நான் சொன்னேன். என் சொல் அவ்வளவே.

விடிகாலைக் குளிரில் அவன் தரையில் தொங்கிப் பார்த்தபோது முடிச்சு நின்றது. இலுப்பை எண்ணெய் குளிரில் மெழுகுபோல் உறைவது என்பதை அங்கே எவரும் எண்ணவில்லை. வெயில் ஏறி மரத்தின்மேல் விழுந்தபோது எண்ணெய் உருகியது. கயிறு அறுபடவில்லை. முடிச்சு அவிழவில்லை. இரண்டும் முழுதாக இருக்க, முடிச்சு கயிற்றின்மேல் வழுக்கிக்கொண்டே வந்தது. கீழே அழிசி தன் முனையை இறுக்கிப் பிடித்தான். அவன் உள்ளங்கைத் தோல் போயிற்று.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். பிறகு வந்து, மற்ற ஓலைகளை எழுதி முடித்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

இன்று அவையில் ஒன்றே கேள்வி: வெண்ணிக்கு இதை எப்போது சொல்வது. மரணச் செய்தி கேட்ட மரமேறி பதினாறு நாள் மரத்தைத் தொடுவதில்லை. ஆகவே கயிற்றை மட்டும் மாற்றச் சொல்லி, தமையன் இறந்ததை அவள் இறங்கியபின் சொல்லலாம் என்றார் பொதியனார். கிளை விழுந்தால் சமையற்கூடம் போகுமே என்றும் சொன்னார்.

அரசர் அழிசியைக் கேட்டார். அவன் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னது, சொன்னபடியே: “ஏறுறதுக்கு முன்னால, கீழ நிக்கிறவன் கயித்தைப் பத்தித் தெரிஞ்சதை எல்லாம் சொல்லிப்புடணும் சாமி. அதுதான் எங்க வழக்கம். ஒண்ணை மறைச்சாலும் அவன் கயிறு பிடிக்கக் கூடாது. எயினன் விழுந்ததும் கயித்தைப் பத்தின சேதிதானே?”

அரசர், கூடம் இடிந்தால் கட்டிக்கொள்ளலாம் என்று அருளினார்.

ஆகவே தங்களுக்குக் கட்டளை. இவ்வோலை கண்டதும் பண்டாரத்துக் கயிற்றை எரித்துவிடுக. சமையற்காரரை வேறிடம் மாற்றுக. வெண்ணியின் கயிற்றை வாயிலில் வாங்கி வைத்திருந்தால் அவள் கையிலேயே திருப்பிக் கொடுக்க. ஏறுபவர் கயிற்றை ஏறுபவரே தேர்வர் என்று விதி இன்றுமுதல் மாறியது. அதை எழுதியவனும் நானே. இவ்வோலையை முதல் எழுத்திலிருந்து, நான் வரும் இடங்களையும் விடாது, அவள் கால் தரையில் இருக்கும்போதே அவளுக்குப் படித்துக் காட்டுக. ஏறுவதோ, ஏறாமல் போவதோ அவள் விருப்பம். எவரும் வற்புறுத்தலாகாது.

அரச ஓலைகளை மஞ்சள் நூலால் கட்டுவது மரபு. இதை அவ்வாறு கட்டவில்லை. எயினனுடைய கயிறு மூன்று புரி. இரண்டை அவன் திரித்தான். மூன்றாவதை இடக்கைப் பழக்கமுள்ள வெண்ணி திரித்தாள் என்று அழிசி சொன்னான். அந்த மூன்றாம் புரியில் ஒரு சாண் பிரித்து ஓலையைக் கட்டுகிறேன். தூதன் இதை நீட்டும்போதே, தன் முறுக்கைக் கண்டு அவள் அறிந்துகொள்வாள். ஆகையால் தாங்கள் காலம் தாழ்த்த வழியில்லை.

தூதன் கடுவன் சேணம் பூட்டி வாயிலில் நிற்கிறான். அரக்கு உருகியது. அரசர் தம் கையாலேயே இலச்சினை வைக்கிறார். ஓலை போகிறது.