சாக்ஸ் காலோடு தறியில்

ஆவணி 5, வியாழன்
குமரனின் தறியை வாங்க ஒப்புக்கொண்டேன். பதினைந்து வருடம் என் புடவைக் கடைக்கு நெய்தவன். போன மாதம் கத்தார் போய்விட்டான், கிடங்கு வேலை. அவன் மனைவி சுமதி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு தாமலுக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறாள். தறியை ஞாயிறுக்குள் எடுத்தாக வேண்டும். நான் எடுக்காவிட்டால் பழைய மரம் வாங்கும் மரக்காரன் விறகு விலைக்கு எடுப்பான். கல்யாண சீசன், எனக்கும் தறி தேவை. அடிமாட்டு விலைதான் சொன்னேன். அவள் பேரம் பேசவில்லை. அது பிடிக்கவில்லை.
புழுக்கம். சர்க்கரை மாத்திரை வாங்க மறந்தேன்.

ஆவணி 6, வெள்ளி
தறி எப்படி இருக்கிறதென்று பார்க்க சுமதியிடம் படம் கேட்டிருந்தேன். கடையில் கூட்டம், மதியம்தான் திறந்தேன்.
படத்தில் குமரனும் இருக்கிறான். முதுகு மட்டும். புது ஜீன்ஸ், இஸ்திரி கலையாத சட்டை. தறிக்குழி ஓரத்தில் ஷூ, பக்கத்தில் பெட்டி. சாக்ஸ் காலை மிதிகட்டை மேல் வைத்துக் குனிந்திருக்கிறான்.
பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசிப் புடவை அறுத்த பிறகு அச்சில், அந்தச் சீப்புப் பற்களில், மிஞ்சிய நூலைக் கொத்துக் கொத்தாக முடிச்சுப் போடுகிறான். அடுத்த புடவைக்கான பாவு நூலை அதில் பிணைக்கப் போகிறவன் செய்கிற வேலை அது. விட்டுப் போகிறவன் நூலை உருவி எறிந்துவிட்டு அச்சைக் கழற்றிவிடுவான்.
சுமதிக்கு போன் போட்டேன். கிளம்பின அன்று எடுத்ததாம்.
"வண்டிக்காரன் ஆரன் அடிச்சிக்கினே இருந்தான்ணா. இவரு எழுந்துக்கவே இல்ல. ஜீன்ஸ்ல ஆளு நல்லாருக்காரேன்னு எடுத்தேன்."
வேறு படம் இல்லையாம்.
வாங்கிப்போடு என்கிறது கணக்கு.

ஆவணி 7, சனி
மரக்காரன் இரண்டு முறை போன். சுமதி ஒரு முறை. எடுக்கவில்லை.
கடைசியில் குமரனையே கூப்பிட்டேன். வெயில், சாப்பாடு, ரூமில் எத்தனை பேர் என்று சுற்றி வளைத்தான். தறியை எடுத்துக்கொள்ளச் சொன்னான், மனப்பாடம் செய்தவன் மாதிரி.
"எடுத்துக்கறேன்பா. முடிச்சு எதுக்குப் போட்ட?"
பின்னால் யாரோ இந்தியில் கத்துகிறான்.
"அறுத்துட்டீங்களா முதலாளி?"

ஆவணி 8, ஞாயிறு
தூறல். தறியைப் பிரித்து, வண்டி பிடித்து, ஓரிக்கையில் என் தறிக்கூடத்துக்குக் கொண்டு சேர்த்தாயிற்று. அச்சை நூலோடு அப்படியே கழற்றி வேட்டியில் சுற்றி, வழி முழுக்க என் மடியில்.
சுமதியிடமும் போனில் குமரனிடமும் பேசி முடித்தது: வாங்கவில்லை. தறி குமரனுடையது. அவன் முடிச்சிலேயே என் பாவு நூலைப் பிணைத்து, ஆள் வைத்து நெய்துகொள்வேன். மாத வாடகை சுமதி கையில். அவன் வந்தால், தறியில் ஓடுகிற புடவை முடிந்த மறுநாள் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் யாராவது அந்த நூலை உருவிப் போட்டால், புதுத் தறியின் முழு விலை என் தலையில்.