கோமதி டீச்சர் காரின் சென்சார்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே காற்று. பட்டறை முழுக்கப் புழுதி. ஆடிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் இந்த ஆட்டம்.

இன்றைய வேலை:
– பால் வண்டி, பிரேக்.
– நம் கம்ப்ரஸர் பெல்ட். நாலு நாளாகக் கத்துகிறது.
– கடைவாய்ப் பல், டாக்டர். (போகமாட்டேன்.)

ஏழரைக்கு சுப்பிரமணி அண்ணன் வந்தார். கோழிப்பண்ணைக்காரர். ஓட்டி வந்தது அவர், கார் அவர் மனைவி கோமதி டீச்சருடையது. (இனி கோ.டீ.) டீச்சர் பக்கத்து சீட்டில், மடியில் சாப்பாட்டுப் பை. கம்ப்ளெய்ன்ட்: பிக்கப் இல்லை, மைலேஜ் இல்லை, இன்ஜின் லைட் எரிகிறது.

அண்ணனுக்குக் காரணம் ஏற்கெனவே தெரியுமாம். "நீங்களே சொன்னீங்களே தம்பி, கிளட்ச்ச மிதிச்சுட்டே ஓட்டறாங்கன்னு. மெக்கானிக்கே சொன்னதுக்கப்புறம் நான் வேற யாரக் கேக்கோணும்?"

ஏப்ரலில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. என் பேச்சை இப்படி மதித்துச் சொல்வதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓமலூரிலிருந்து புரோக்கர் வருகிறாராம், வண்டியை விற்றுவிடுவாராம். அதுவரை லைட் எரியாமல் இருந்தால் போதும் என்றார்.

அவர் தீவன லோடு பற்றி போனில் பேசப் போன நேரம் பார்த்து கோ.டீ. இறங்கி வந்தார். மிதித்தால் வண்டி யோசித்து யோசித்துப் போகிறது என்றார். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஸ்கூல். கார் இல்லாதபோது மொபெட், அப்புறம் இரண்டு பஸ். ஆறேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பதினோரு வருடம் அப்படிப் போயிருக்கிறார். நாற்பத்து நாலு வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள என்னன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க. என் ஓட்டறதுதான் கோளாறுன்னாலும் சொல்லிப்போடுங்க, ஒத்துக்கறேன்."

பிறகு எதிரே உள்ள ஸ்டாப்பில் நாற்பது நிமிடம் நின்றார். அண்ணன் யாருடைய பைக்கிலோ ஏறிப் போய்விட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

காற்று அப்படியே. பல் வலி குறைந்தது. (டாக்டர் செலவு மிச்சம்.)

நானே ஓட்டிப் பார்த்தேன், மல்லூர் வரை. முட்டை லாரி ஒன்றைத் தாண்ட மிதித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணின பிறகுதான் வண்டிக்குப் புத்தி வந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரன். இருபது வருடம் ஸ்டீரிங் பிடித்த எனக்கே அடுத்த வண்டியைத் தாண்ட மனசு வரவில்லை. டீச்சர் இதைத் தினம் இரண்டு வேளை ஓட்டியிருக்கிறார்.

முதலில் கிளட்ச். ஹேண்ட் பிரேக் போட்டு, நாலாவது கியரில் விட்டுப் பார்த்தேன். உடனே இன்ஜின் ஆஃப். கிளட்ச் தேய்ந்திருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். கிளட்ச்சில் ஒரு குறையும் இல்லை. எழுதி வைக்கிறேன்: ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஸ்கேனர். முன் பக்க ஆக்ஸிஜன் சென்சார் மந்தம் என்று எரர் கோட் காட்டியது. கோட் பார்த்தவுடன் சாமான் மாற்றுகிறவனுக்கு மெக்கானிக் என்று பெயர் எதற்கு? கடை வைத்துக்கொள்ளலாம். நான் அப்படி இல்லை. பார்த்தது:

– ஏர் ஃபில்டர், பிளக்: சரி. பிளக் மட்டும் கருப்பு, பெட்ரோல் அதிகம் போகிறது.
– புகை வெளியேறும் மேனிஃபோல்ட் ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர். குமிழி இல்லை, லீக் இல்லை.
– சென்சார் வயர், உள்ளே இருக்கும் ஹீட்டர்: மீட்டரில் சரி.
– காற்று போகும் வழியில் கிளீனர் ஸ்பிரே அடித்து ஸ்கேனரைப் பார்த்தேன். நல்ல சென்சார் என்றால் அந்த நொடியே 0.9 வோல்ட்டுக்குத் தாவ வேண்டும். இது விருந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்த ஆள் மாதிரி மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

முடிந்தது. சென்சார்தான். எரிந்த புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அது தாமதமாகத் தப்பான சேதி சொன்னால் பெட்ரோலும் தப்பாகத்தான் போகும். சேலத்துக்கு ஆர்டர் போட்டாச்சு. வியாழன் வரும்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவி செல்வியிடம் சொன்னேன். "பொம்பள ஓட்டுனா உங்களுக்கெல்லாம் கிளட்ச்சுதான் மொதல்ல கண்ணுக்குத் தெரியுமாட்ட இருக்குது" என்றாள். ரசம் நன்றாக இருந்தது.

ஜூன் 11, புதன்

மேகம். மழை இல்லை.

காலையில் வேறு வேலை இல்லை, பழைய சென்சாரைக் கழற்றினேன். துருவுக்கு எண்ணெய் விட்டு, இன்ஜினைச் சூடு பண்ணி, அரை மணி மல்லுக்கட்டு. வந்தது. முனையைப் பார்த்தேன்.

கருப்பாக இருந்தால் பெட்ரோல். பிசுபிசுவென்று இருந்தால் ஆயில். இது வெள்ளை. விபூதி பூசின மாதிரி வெள்ளை.

வெள்ளை என்றால் சிலிகான். ட்ரெயினிங்கில் சொன்னது. லீக்கை அடைக்க இன்ஜினில் கண்ட சிலிகான் பேஸ்ட்டைப் போட்டால் அதன் ஆவி உள்ளே இழுக்கப்பட்டு எரிந்து, சாம்பலாகி, சென்சாரின் மூக்கை அடைத்துவிடும். யாரோ அரைகுறை செய்த வேலை. அந்த ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் தலையை மூடும் டேப்பட் கவர் ஓரம் சுற்றிலும் சிவப்பு பேஸ்ட் பிதுங்கி நிற்கிறது. அள்ளி அப்பியிருக்கிறான்.

ஜாப் புக்கைப் புரட்டினேன். பிப்ரவரி. என் கையெழுத்து.

"கோ.டீ. கார். டேப்பட் கவர் ஆயில் லீக். ரப்பர் கேஸ்கெட் வரவில்லை. பேஸ்ட் போட்டு அனுப்பியாச்சு. சூப்பர்."

சூப்பர் என்று வேறு எழுதியிருக்கிறேன்.

எட்டு வருடம் போர்வெல் ரிக் வண்டியில் இருந்தவன். ஆந்திரா, ம.பி., எங்கே லீக் என்றாலும் அந்தச் சிவப்பு பேஸ்ட் ட்யூப்தான். அந்த டீசல் இன்ஜினுக்கு அது மருந்து, அதில் இந்தச் சென்சார் கிடையாது. கை பழகிவிட்டது. சென்சார் உள்ள வண்டிக்கு வேறு பேஸ்ட் என்று தெரியும். தெரிந்தும் கை போய் அதை எடுத்திருக்கிறது.

பிப்ரவரியில் பேஸ்ட். ஏப்ரலில் டீச்சர் வந்து பிக்கப் இல்லை என்கிறார். ஸ்கேனர் கூடப் போடாமல், ஒரு ரவுண்டு போய் வந்து, கிளட்ச் என்கிறேன்.

அவமானமாக இருக்கிறது. பால் வண்டிக்காரரிடம் எரிந்து விழுந்தேன், பாவம்.

ஜூன் 12, வியாழன்

வெயில். பெல்ட் மாற்றினேன், கம்ப்ரஸர் சத்தம் நின்றது.

சென்சார் பத்து மணிக்கு வந்தது. கூடவே நேற்று போன் பண்ணிச் சொன்ன டேப்பட் கவர் கேஸ்கெட். பேஸ்ட்டை எல்லாம் சுரண்டித் துடைத்து, கேஸ்கெட் வைத்து, சென்சார் மாட்டி ஸ்டார்ட் பண்ணினேன். ஸ்கேனரில் 0.1, 0.9, 0.1, 0.9. துள்ளுகிறது. மல்லூர் வரை போய் வந்தேன். மிதித்தவுடன் பறக்கிறது. வேலை என்று வந்துவிட்டால் என்னை அடிக்க இந்த ரோட்டில் ஆள் இல்லை. கெடுத்ததும் நான்தான் என்பது வேறு விஷயம்.

சேலம் பார்ட்ஸ் கடைக்காரரிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். சென்சார் போய்விட்டது, மாற்றியாச்சு என்று மட்டும் சொல்லுங்கள், அது பொய் இல்லையே என்றார். பொய் இல்லைதான். பாதி மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் அண்ணன் போன். சென்சார்தான் என்றேன். உடனே கேட்டார். "அவ ஓட்டுன ஓட்டுலதான் சென்சாரும் போச்சுங்களா?"

ஆமாம் என்றால் கார் ஞாயிற்றுக்கிழமை ஓமலூருக்கு. சும்மா இருந்தாலும் ஓமலூருக்குத்தான். நேரில் வாங்க அண்ணா, டீச்சரையும் கூட்டி வாங்க என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

நேற்று எழுதவில்லை. பல். டாக்டரிடம் போனேன். பிடுங்கியாச்சு.

இருவரும் பத்து மணிக்கு வந்தார்கள். வாயில் ஒரு பக்கம் வீக்கம், பேசவே கஷ்டம். அதையே சாக்காக வைத்துக்கொள்ளலாமா என்று கூட நினைத்தேன். வெள்ளை சென்சாரையும் சிவப்பு ட்யூபையும் பானட் மேல் வைத்தேன்.

"டீச்சர் ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்லீங்கண்ணா. பிப்ரவரில நான் போட்ட பேஸ்ட்டுதான் சென்சாரக் கெடுத்துது. கிளட்ச்சுன்னு பாக்காமயே சொன்னதும் நாந்தானுங்க."

அண்ணன் ட்யூபை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எழுதியிருப்பதைப் படிக்கிற மாதிரி. படிக்கிற கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. பில் இல்லை, எல்லாம் என் செலவு என்றேன்.

கோ.டீ. ஏதாவது திட்டுவார் என்று நினைத்தேன். வகுப்பில் பேசுகிற அதே குரலாகத்தான் இருக்க வேண்டும், மெதுவாகத்தான் கேட்டார்.

"ரெண்டு மாசமா மிதிக்கறதுக்கே பயந்துட்டுப் போனேனுங்க. எனக்கு ஓட்ட வரலியாட்டன்னு நானே நம்பிட்டேன். அதுக்கு என்ன சாமான் மாத்துவீங்க?"

மன்னிச்சுக்கோங்க டீச்சர் என்றேன். வீக்கத்தில் அது என்னவாகக் கேட்டதோ.

சாவியை அண்ணன் எடுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் போனார், பழக்கம். டீச்சர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஏறினார்.

சிவப்பு ட்யூப் மூன்று ஸ்டாக் இருந்தது. ரிக் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 15, ஞாயிறு

லீவு. தூறல். கஞ்சி.

பதினொரு மணிக்குப் புது நம்பரிலிருந்து போன். ஓமலூர் புரோக்கர். வண்டி கண்டிஷன் எப்படி என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். வண்டி அருமையாக இருக்கிறது, நான் பார்த்ததில் இப்போது இதுதான் நம்பர் ஒன் என்றேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவுங்க ஊட்லதானுங்க ஒரு மணி நேரமா உக்காந்திருக்கறேன். வண்டியத்தான் காணோம். டீச்சரம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். எங்க போனாங்க, எப்ப வருவாங்கன்னு சாருக்கும் தெரியலீங்களாம்."