பக்கத்து மாநிலத்துச் சம்பளம்

மார்ச் 3
இன்று பிரசவ வார்டில் யாருமே இல்லை. போன மாதமும் பாதி நாள் இப்படித்தான். யாரும் படுக்காத விரிப்புகளை எடுத்துவிட்டு வேறு விரித்தேன்.

சாயங்காலம் மேட்ரன் கூப்பிட்டார். ஜூனில் இந்த வார்டை முதியோர் வார்டாக மாற்றுகிறார்களாம். "அங்கயே இருக்கறதுன்னா இரு. இல்லேன்னா பக்கத்து மாநிலத்துல நம்ம கிளைக்குப் போ. பிரசவம் பாக்க ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. சம்பளமும் ஒண்ணரை மடங்கு."

மார்ச் 5
வீட்டுக்காரரிடம் சொன்னேன். தையல் மெஷினிலிருந்து தலையே தூக்கவில்லை.
"சம்பளம் ஒண்ணரை மடங்கு. வாடகை ரெண்டு மடங்கு. பால், காய், பஸ் எல்லாம் எட்டாத விலை. இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுக்கறதுக்கு ஊர் விட்டு ஊர் போகணுமா?"

விசாரித்துப் பார்த்தேன். சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அவர் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. இங்கே பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். அங்கே பாதிப் பேர் இருபத்தைந்தைத் தாண்டாதவர்கள்.

முதியோரைப் பார்ப்பது மட்டமான வேலையா? இல்லை. ஆனால் பத்தொன்பது வருஷமாக இந்தக் கைக்குத் தெரிந்தது வேறு.

மார்ச் 9
வீட்டில் பேச்சில்லை. சிட்டுதான் தூது. "அம்மா, அப்பா சாப்பாடு கேக்கறாங்க."

மார்ச் 17
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் அரை நாள். வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். வராந்தாவிலும் பாய். யார் என்ன என்று சொல்வதற்குள் அங்கிருந்த ஹெட் நர்ஸ், "வந்தது வந்துட்டே, கையக் கழுவிட்டு வா" என்றார். ஒரு பெண்குழந்தை. என்ன கத்தல்!

அப்புறம் வீடு பார்த்தேன். ஒற்றை அறை, ஒரு சமையல் மேடை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். வாடகை கேட்டதும் வந்த வழியே திரும்பிவிடலாமா என்றிருந்தது.

மார்ச் 18
அவரிடம் நல்லது கெட்டது எதையும் மறைக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அங்க பள்ளிக்கூடம் நிறைய இருக்கா?" என்றார்.
"அந்தத் தெருவுலயே ரெண்டு. பிள்ளைங்க உக்கார இடமில்லாம காலைல ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம்."

கத்தரியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.
"பிள்ளைங்க இல்லாம இங்க இருந்த ரெண்டு ஸ்கூலை ஒண்ணாச் சேத்துட்டாங்க. இந்த வருஷம் எனக்கு யூனிபார்ம் ஆர்டரே இல்ல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

எனக்கு வந்த கோபம்! என்னங்க, எங்கிட்ட சொல்ல என்ன? இவ்வளவு நாளா வெறும் மெஷினையா ஓட்டிக்கிட்டு இருந்தீங்க?
கேட்கவில்லை. இங்கே எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 2
மாற்றலுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். சிட்டு இரண்டு நாள் அழுதாள். அவர் மெஷினுக்கு எண்ணெய் விட்டார்.

ஜூலை 20
இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எழுத நேரமே இல்லை. அவர் சொன்னது பலித்தது, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்று இடுப்பு ஒடியும் வேலை. கடைசியாக வந்தது இரட்டை.

வீட்டுக்கு வந்தால் உட்கார இடமில்லை. கட்டில், நாற்காலி, தரை எங்கும் வெட்டிப் போட்ட நீலத் துணி. சிட்டு பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
"செத்த நில்லு, இந்தக் காலரை முடிச்சிடறேன். நாளைக்கு ஸ்கூல்ல யூனிபார்ம் குடுக்கணும்" என்றார், தலை தூக்காமல்.

நின்றுகொண்டே சாப்பிட்டேன்.